ரோமில் ஒரு கல் கொண்டை

ரோமின் காப்பிடோலின் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய ரோமானியப் பெண்ணின் சிலையைப் பார்க்க எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். டாக்ஸிக்காரர் மேல் உள்ள கோபம் விடமாட்டேன் என்கிறது. டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து அது இருக்கும் காப்பிடோலின் குன்றுக்கு நடந்தால் அரை மணி நேரம். வெயிலுக்குப் பயந்து ஏறியது என் தப்பு. மீட்டர் போடாமலே வந்து, இறங்கும்போது 30 யூரோ கேட்டார். வாக்குவாதத்துக்கு இத்தாலியன் தெரிய வேண்டுமே, கொடுத்துத் தொலைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசு.

சரி, சிலைக்கு வருகிறேன். அருங்காட்சியகத்தில் பேரரசர்கள் கூடம் என்று ஒன்று, சுவரோரமாக 67 தலைகள், பந்தியில் உட்கார்ந்த மாதிரி. ஆண்கள் சீக்கிரம் அலுத்துவிட்டார்கள். நடுவில் பேரரசர் கான்ஸ்டன்டைனின் அம்மா ஹெலனா சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அந்த உட்காரும் தோரணை பழைய காதல் தெய்வச் சிலையிலிருந்து வாங்கியது.

நான் தேடிப் போனது 'ஃபொன்சேகா' பெண்ணை. அது அவள் பெயர்கூட இல்லை, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர், அவள் யாரென்று யாருக்கும் தெரியாது. நெற்றிக்கு மேல் விசிறி மாதிரி எழும்பி நிற்கும் சுருள்முடி, ஒவ்வொரு சுருளின் நடுவிலும் துளைக்கருவி போட்ட ஆழமான ஓட்டை, மரத்தை வண்டு குடைந்தது போல. முகமோ மழமழவென்று, ஒன்றும் சொல்லாது. எட்டிப் பார்த்தால் பின்னால் பின்னலைச் சுற்றிச் சுற்றி வைத்த கொண்டை. தலையில் மாடி மேல் மாடி கட்டுகிறாள், பின்னாலிருந்து பார்த்தால் குள்ளம் என்று பழைய ரோமானியக் கவிஞர் ஜுவெனல் கிண்டலடித்தது இந்த மாதிரிப் பெண்களைத்தான்.

கிண்டல் சுலபம். அரண்மனைப் பெண்களின் சிகையை மற்றவர்களும் காப்பியடித்ததால், இன்று பெயரில்லாத சிலைக்குக் காலம் கணிக்கவே கொண்டைதான் உதவுகிறது. நெற்றியில் முடியை ஒரு சுருளாகச் சுருட்டியிருந்தால் முதல் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியா காலம், இப்படி. பால்டிமோர் சிகையலங்காரக் கலைஞர் ஜேனட் ஸ்டீபன்ஸ் இவற்றை உயிருள்ள தலைகளில் செய்து பார்த்து, ஊசி நூலால் தைத்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று 2008இல் எழுதினார். தைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைப் பெண்கள். எனக்கு அந்தக் கொண்டையில் தெரிந்தது அவர்கள் விரல்கள்தான், அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

திரும்பும்போது நடை. தெருக்குழாயில் தண்ணீர் ஜில்லென்று, இலவசம், பாட்டில் வாங்கி ஏமாறாதீர்கள். அப்புறம் எடை போட்டு விற்கிற பீட்சாவில் உருளைக்கிழங்கு போட்ட ஒரு துண்டு. 4 யூரோ. இன்னொன்று வாங்கியிருப்பேன், அந்த டாக்ஸி மட்டும் இல்லையென்றால்.