பாண்டியில கப்பல் ஏறினவங்கல்லாம் பாண்டிக்காரங்களா?

இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரெயூனியன்லேர்ந்து ஒரு அம்மா குடும்பத்தோட வந்திருக்காங்க. தமிழ் பேச வராது, நெத்தியில குங்குமம் மட்டும் தப்பல. அவங்க பாட்டனுக்குப் பாட்டன் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா போனவர்.

கையில ஒரு மங்கின ஜெராக்ஸ். பதிவு எண், கப்பல் பேரு, வயசு, அப்பா பேரு, ஊரு. ஊர்ப் பேரை பிரெஞ்சு குமாஸ்தா காதுல விழுந்தபடி கிறுக்கி வச்சிருக்கான். நாங்க மாத்தி மாத்தி சத்தமா படிச்சதுல திருக்கோவிலூர் மாதிரி கேட்டுச்சு.

"பாண்டிச்சேரின்னு சொல்லித்தானே வளர்த்தாங்க"ன்னு அந்தம்மா முகமே வாடிப்போச்சு. இங்க கப்பல் ஏறினவங்கள்ல பெரும்பாலானவங்க தென்னாற்காடு, தஞ்சாவூர்ப் பக்கத்து பிரிட்டிஷ் குடிங்கதான். 1860ல பிரிட்டனும் பிரான்சும் போட்ட ஒப்பந்தம் அதுக்கு வழிவிட்டுச்சு. 1882ல பிரிட்டிஷ் அரசே ரெயூனியனுக்கு ஆள் அனுப்புறதை நிறுத்திடுச்சு. பிரிட்டிஷ் பகுதியில பிறந்தவங்கங்கறதால, நம்மூர் பிரெஞ்சுப் பிறப்புப் பதிவேட்டுல இவங்களைத் தேடினா கிடைக்கிறது கஷ்டம்.

குடும்பப் பேரை மட்டும் நம்பித் தேடாதீங்க. அங்க போனவரோட பேரோ அவர் அப்பா பேரோதான் பல வீட்டுல குடும்பப் பேரா நின்னுபோச்சு. இங்க நமக்கு தலைமுறைக்கு ஒரு இனிஷியல்! நம்ம பாண்டியிலயே 1881 பிரெஞ்சு ஆணைப்படி தங்களோட மத, சாதி வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சட்டத்துக்கு மாறினவங்க புதுசா குடும்பப் பேர் வச்சுக்கிட்டாங்க. அதுக்கு முந்தின தாத்தாவை அந்தப் பேர்ல எங்க போய்த் தேடுறது?

பிரெஞ்சிந்தியப் பதிவேடுகளை பிரான்ஸ்ல எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஊர்ல இருக்கிற அரசு ஆவணக் காப்பகத்தோட (ANOM) இணையதளத்துல இலவசமாவே பார்க்கலாம்.

நாளைக்குத் திருக்கோவிலூர் கிளம்புறோம். அந்தப் பக்கத்துப் பழைய பூசாரிங்க, ஊர்ப் பெரியவங்க யாரையாவது தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்கப்பா.