காபரேற்றரைக் கடைசியில் தொடுவோம்

திருகோணமலையில் பழைய கார்களோடு எங்கள் கராஜுக்கு வருகிறவர்களில் பலர் தீர்ப்பையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். "தம்பி, காபரேற்றர் போய்விட்டது. கழற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் புதியது போடுங்கள்." சந்தியில் நிறுத்தினால் எஞ்சின் நூர்ந்துவிடுகிறது, ஓடினாலும் ஏறி இறங்கித் தள்ளாடுகிறது என்பதே முறைப்பாடு. அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்ததும் நிற்கிற எஞ்சினுக்கு, பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றர்தான் காரணம் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் இத்தனை காலமும் இந்தக் கார்களைத் திறந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகிவிட்டது: பெரும்பாலான நேரங்களில் அது குற்றமற்றது. பக்கத்துப் பாகங்கள் செய்த பிழைக்கு அது தண்டனை வாங்குகிறது.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, கொட்டகையில் தூங்கிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் பல வீதிக்குத் திரும்பின. 2022 இன் பெற்றோல் வரிசைக் காலத்தில் அவையே மறுபடி மாதக்கணக்கில் நின்றன. தாங்கியிலும், காபரேற்றருக்குப் பெற்றோல் சேர்ந்து நிற்கும் மிதவைக் கிண்ணத்திலும் தேங்கிய பெற்றோல் ஆவியாகிப் பிசின் போலப் படிந்துவிடும். அப்படி வந்த கார்களில் காபரேற்றரைக் கழுவுவது நியாயம்தான். மற்றவற்றில் முதலில் தீப்பொறியைப் பார்க்க வேண்டும்.

மைனரின் எஞ்சினுக்கு, தீப்பொறி மின்சாரத்தைத் தொட்டு விடும் டிஸ்ரிபியூட்டர் பொயின்ற் முனைகளின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம், வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். இவை ஒழுங்காக இல்லாத எஞ்சினை எந்த ஸ்குரூவைத் திருப்பியும் நிதானமாக ஓடவைக்க முடியாது. எங்கள் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது. மூன்று பக்கமும் கடல். உப்புக் காற்று பொயின்ற் முனைகளையும் பூமிக் கம்பி இணைப்புகளையும் அரித்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூப்பைத் துடைத்ததுமே எஞ்சின் சீராகிவிட்ட கார்கள் எத்தனையோ.

அடுத்தது காது. மைனரில் மின்சாரப் பெற்றோல் பம்பு எஞ்சின் அறையின் பின்சுவரிலேயே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அவசரமாக டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். எஞ்சின் ஓடாமலே அது அடித்துக்கொண்டிருந்தால், ஒன்றில் மிதவை ஊசி மூடாமல் பெற்றோல் வழிகிறது, அல்லது குழாயில் எங்கோ காற்று உறிஞ்சப்படுகிறது. பெற்றோல் வாடை அடிக்கிறதா என்பதே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

உவர்மலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்த மைனரைச் சொல்ல வேண்டும். வேறொரு கராஜில், காற்று வழியைத் திறந்து மூடும் த்ரொட்டிலின் ஸ்குரூவை முறுக்கி வேகத்தைக் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். நிற்கும்போது உறுமியது, மூன்றாம் நாள் மறுபடி நூர்ந்தது. பிளக்குகளை எடுத்துப் பார்த்தேன்: கரிப்புகை அப்பியிருந்தது. அதாவது பெற்றோல் கூடுதலாகப் போகிறது. அப்படியிருந்தும் எஞ்சின் காற்றுக்கூடி மெலிந்தது போலத் தடுமாறுகிறது. இரண்டும் எப்படிச் சேரும்? த்ரொட்டில் தண்டின் நுனியை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். ஆடியது. எஞ்சினை ஓடவிட்டு அந்த மூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டபோது சத்தம் உடனே மாறியது. தேய்ந்த தண்டு வழியாகக் காற்று புகுந்துகொண்டிருக்கிறது. அதை ஈடுகட்ட யாரோ பெற்றோலைக் கூட்டிவிட்டிருக்கிறார்கள். "மாஸ்டர், காபரேற்றர் நல்லது. அதன் மூட்டுத்தான் தேய்ந்திருக்கிறது" என்றேன். லேத்தில் துளையைப் பெருப்பித்துப் பித்தளை புஷ் (உள்வளையம்) அடித்து, புதிய தண்டு போட்டோம்.

அதன் பிறகுதான் காபரேற்றரைத் தொட்டேன். மைனரில் இருப்பது எஸ்யூ வகை. ஸ்கின்னர் சகோதரர்களின் இந்தக் கண்டுபிடிப்பின் தொடக்க வடிவங்களில் தோலால் ஆன துருத்தி இருந்தது. பிறகு அந்த இடத்துக்குப் பிஸ்டன் வந்தது. எஞ்சின் இழுக்கும் காற்றுக்கேற்ப அது தானே ஏறி இறங்கி, கூம்பிய ஊசியால் பெற்றோலை அளந்து விடுகிறது. இவ்வளவு எளிமையான, இவ்வளவு நேர்மையான கருவியை நான் வேறு எதிலும் கண்டதில்லை. பிஸ்டனை மேலே தூக்கி விட்டால் டக் என்ற தெளிவான ஒலியோடு இறங்க வேண்டும். அந்த ஒலி கேட்கவில்லையென்றால், பெரும்பாலும் ஊசியும் அது இறங்கும் பெற்றோல் துளையான ஜெற்றும் நேராக இல்லை.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். வேகம் கூடி, கூடிய வேகத்திலேயே ஓடினால் பெற்றோல் அதிகம். ஜெற்றின் அடியிலுள்ள நட்டை ஒரு பட்டை, அதாவது அதன் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவு, திருகி மேலே ஏற்றலாம். உடனே நூரப் பார்த்தால் குறைவு; ஒரு பட்டை இறக்க வேண்டும். சற்றே எழும்பிப் பழைய ஓட்டத்துக்கு வந்தால் சரி. ஒவ்வொரு பட்டைக்கும் பிறகு எஞ்சினை ஒருமுறை உறுமவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைப் பொறுக்காதவர்கள்தான் அரை மணி நேரம் முன்னும் பின்னுமாகத் திருகி, எங்கே தொடங்கினோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள். கால் அழுத்தும்போது மட்டும் திக்கினால் அது வேறு நோய்: மேல் மூடியைத் திறந்து, பிஸ்டன் சட்டென்று தாவாமல் தடுக்கும் டம்பர் எண்ணெயைப் பாருங்கள்.

மாஸ்டரின் கார் கராஜில் சீராக ஓடியது. ஆனாலும் நண்பகல் வெயிலில் உப்புவெளி தாண்டி நிலாவெளி வரை ஓட்டிக்கொண்டு போனேன். மைனரில் காபரேற்றர் சூடான புகைக் குழாய்க்கு நேர்மேலே இருக்கிறது. நிறுத்திய பிறகு ஏறும் வெப்பத்தில் கிண்ணத்துப் பெற்றோல் கொதிக்கக்கூடும். நிறுத்திச் சிறிது நேரம் விட்டு மறுபடி ஸ்ரார்ட் செய்தேன். உடனே பிடித்தது. இன்னும் ஒரு பட்டை ஏற்றலாம் போல இருந்தது, ஏற்றினேன். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது கரி மறைந்து மங்கிய பழுப்பு நிறம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. நான்கையும் மாஸ்டரிடம் காட்டிவிட்டே திரும்பப் பூட்டினேன்.