கூந்தன்குளத்தின் பந்தி

திருநெல்வேலிக்குத் தெற்கே, நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் அது சேர்ந்ததும் 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அடிப்படையில் அது ஒரு பாசனக் குளம். மணிமுத்தாறு அணையின் கால்வாய் நீரையும் வடகிழக்குப் பருவமழையையும் தேக்கி வயல்களுக்குக் கொடுப்பதே அதன் வேலை. அந்த நீர் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அங்கே எந்தப் பறவைக்கு இரை கிடைக்கும் என்பதும் அமைகிறது. வருபவர்களில் பெரும்பாலோர் கூடுகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பறவைகள் இரை தேடுவதைப் பார்ப்பதற்கே அங்கே போக வேண்டும்.

நான் சென்றபோது மஞ்சள்மூக்கு நாரை ஒன்று கரைக்கு மிக அருகில் நின்றிருந்தது. அது மீனைக் கண்ணால் தேடவில்லை. அலகைச் சற்றே திறந்து கலங்கிய நீருக்குள் அமிழ்த்தி, தலையை இருபுறமும் அசைத்தபடி, ஒரு காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே நகர்ந்தது. மீன் பட்ட கணத்தில் அலகு மூடிக்கொண்டது. தொடு உணர்வை நம்பி வேட்டையாடுவதால் கலங்கல் நீர் அதற்கு ஒரு தடையே இல்லை. கரண்டிவாயனும் இதே வகைதான் என்றாலும், அது அரிவாள் வீசுவதுபோல் அலகை நீருக்குள் இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கிறது. நத்தைகுத்தி நாரைக்கு மீனைவிட நத்தையே பெரிது. முழுதாக மூடாத அதன் அலகை ஓட்டின் வாய்க்குள் நுழைத்துச் சதையை வெளியே இழுத்துவிடுகிறது.

குளத்தின் ஆழமான பகுதி முற்றிலும் வேறு கூட்டத்துக்கு உரியது. நீர்க்காகம் மூழ்கி, கொக்கிபோல் வளைந்த அலகு நுனியால் மீனைக் கவ்வுகிறது. பாம்புத்தாராவோ கூரிய அலகால் மீனைக் குத்தி, மேலே வந்து அதைத் தூக்கிப்போட்டுத் தலை முதலாக விழுங்குகிறது. கூழைக்கடா மூழ்குவதே இல்லை. நீந்தியபடியே பையால் மீனை நீரோடு அள்ளி, அலகை மார்போடு அழுத்தி நீரை வடித்த பிறகே விழுங்குகிறது. நாரைகளும் கூழைக்கடாக்களும் கொண்டுவரும் மீன், அவற்றின் குஞ்சுகளுக்குப் போக, எச்சமாகக் குளத்து நீரில் கலந்து வயலுக்கும் உரமாகப் போய்ச் சேர்கிறது. ஊரார் இந்தப் பறவைகளைப் பாதுகாப்பதற்கு அன்பு மட்டுமன்றி இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

வெயில் ஏறி நீர் வற்றத் தொடங்கும்போது பூநாரைகளுக்கு ஏற்ற ஆழம் கிடைக்கிறது. அவை தலையைக் கவிழ்த்து அலகை நீரில் வைத்து, நாக்கால் நீரை உள்ளிழுத்து வெளியேற்றி, அலகோரச் சல்லடையில் தங்கும் சிற்றுயிர்களையும் பாசியையும் உண்கின்றன. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைப் பகலில் பார்த்தால், அவை பெரும்பாலும் சும்மா ஓய்வெடுப்பதாகவே தோன்றும். அவை மேய்வது புல்லும் பயிரும் உள்ள வயல்வெளிகளில், பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகே. ஆகவே அவற்றுக்காக வருபவர்கள் மாலை வெளிச்சம் மங்கும் வரை பொறுத்திருந்து, கூட்டம் குளத்தை விட்டு வயல் பக்கம் கிளம்புவதைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.