எலும்புக்குள் இருக்கும் நடை

இன்று பார்த்த இடுப்பு எக்ஸ்ரே ஒன்றில், தொடை எலும்பின் பந்துக்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகள் அத்தனை தெளிவு. பந்தின் உச்சியிலிருந்து விசிறியாக இறங்கி, பந்துக்குக் கீழே ஒடுங்கும் எலும்புக் கழுத்தின் உட்பக்கக் கெட்டி எலும்பில் போய்ச் சேர்கின்றன.

எலும்புக்குள் பஞ்சுபோல் துளைகளோடு இருக்கும் பஞ்செலும்பின் நுண்சட்டங்கள் அவை. பாரம் திரும்பத் திரும்ப விழும் இடத்தில் தடித்து நெருங்கும். விழாத இடத்தில் மெலியும்.

நிமிர்ந்து நடக்கும் மனிதருக்குப் பந்தின் மேற்பகுதியில் ஒரே அடர்ந்த திட்டு. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் அடர்த்தி இன்னும் பரவியிருக்கும். மரமேறும்போது தொடையை நன்றாக மடக்குவதால், பாரம் வேறு இடத்திலும் விழுகிறதே!

கையிலும் இதே கதைதான். விரல் முட்டியை ஊன்றி நடக்கும் சிம்பன்சிக்கு, உள்ளங்கை எலும்பின் தலையில் புறங்கைப் பக்கம் அடர்த்தி. கிளையைப் பற்றித் தொங்கும் ஒராங்குட்டானுக்கு அது உள்ளங்கைப் பக்கம் சாய்ந்திருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகையில் கிடைத்த எஸ்டிடபிள்யூ 311 என்ற, மனித மரபைச் சேர்ந்த தொல்லினம் ஒன்றின் தொடை எலும்புப் புதைபடிவத்தை, உள்ளமைப்பை நுணுக்கமாகக் காட்டும் மைக்ரோ சிடி ஸ்கேனில் ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். நிமிர்ந்து நடந்த இனம்தான். ஆனால் உள்ளமைப்பு மனிதக் குரங்கின் சாயலில் இருந்தது. அடிக்கடி மரமேறியிருக்க வேண்டும் என்றார்கள். வெளி வடிவத்தை மட்டும் அளந்திருந்தால் இது தெரிந்திருக்காது. எனக்குப் பெரிய வியப்பு இதுதான்.

புதைபடிவத்தில் சிக்கல் ஒன்று உண்டு. சட்டங்களுக்கு இடையே மண்ணும் தாதுவும் இறுகிவிடும். ஸ்கேனில் அதன் சாம்பல் நிறம் எலும்போடு ஒத்துப்போனால், மென்பொருள் கல்லையும் எலும்பாக எண்ணிவிடும். அப்போது ஸ்கேனின் ஒவ்வொரு அடுக்குப் படத்தையும் ஆள் உட்கார்ந்து சரிபார்த்தே பிரிக்க வேண்டும்.