மூச்சை நிறுத்த முடியாதவனுக்கு எடுத்த இதய எம்.ஆர்.ஐ.

இதயத்தின் இடது கீழறை, தன்னுள் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதைச் சொல்லும் அளவை மருத்துவர்கள் இ.எஃப். என்பார்கள். நிரம்பியபோது 150 மில்லி இருந்து, சுருங்கிய பின் 60 மில்லி எஞ்சினால் இ.எஃப். 60 சதவீதம். எனக்கு எடுத்த எக்கோக்களில் ஒன்று 35 என்றது, இன்னொன்று 45 என்றது. இ.எஃப். 35-க்கு மேல் ஏறாமலேயே நின்றால், ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தால் காப்பாற்ற ஐ.சி.டி. என்னும் கருவியை நெஞ்சில் பொருத்துவது பற்றி யோசிப்பார்கள். 45 என்றால் மாத்திரையோடு தொடரலாம். எனக்கு நெடுநாளாக நுரையீரல் நோய் உண்டு. காற்றுத் தேங்கிய நுரையீரல் எக்கோவின் ஒலியலைகளை மறித்துவிடுவதால் இதயச் சுவரின் ஓரமே சரியாகத் தெரியவில்லை என்று கோவையில் பார்க்கும் இதய மருத்துவர் விளக்கி, எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுத்தார்.

இதயத் தசையில் உள்ள தழும்பைப் படத்தில் எடுத்துக்காட்டும் காடோலினியம் மருந்தை ஏற்றும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள் என்பதால், கிரியாட்டினின் பரிசோதனையைக் கோத்தகிரியிலேயே முடித்துக்கொண்டு, விடியற்காலையில் மகனோடு குஞ்சப்பனை வழியாகக் கீழே இறங்கினோம்.

ஸ்கேன் அறையில் முதல் வேலை நெஞ்சு முடியை மழிப்பது. இ.சி.ஜி. ஸ்டிக்கர்கள் தோலோடு ஒட்டினால்தான் கருவிக்குத் துடிப்பு தெரியும். காந்தப்புலத்துக்குள் போனதும் ரத்த ஓட்டமே அந்த இ.சி.ஜி. கோட்டைக் குலைக்கும் என்பதால், டெக்னீஷியன் ஸ்டிக்கர்களை இடம் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார். பிறகு உடலிலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்கும், கனமான மெத்தை போன்ற காயிலை நெஞ்சின்மேல் வைத்துப் பட்டையால் கட்டி, கையில் ஒரு ரப்பர் பல்பைக் கொடுத்து, முடியாவிட்டால் அமுக்கச் சொன்னார்.

“மூச்சை நல்லா வெளிய விட்டுட்டு, அப்படியே நிறுத்துங்க சார்” என்று ஹெட்ஃபோனில் குரல் வந்தது. இதயம் துடிப்பதை அசையும் படமாகக் காட்டும் வழக்கமான சினி படத்தில் இதயத்தை அடி முதல் நுனி வரை பத்து வெட்டுகள் போல எடுக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சை நிறுத்த வேண்டும். உள்ளிழுத்து நிறுத்துவது எளிது. ஆனால் வெளியே விட்டு நிறுத்தினால்தான் உதரவிதானம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும் என்பதால் அதைத்தான் கேட்கிறார்கள். மலைச்சரிவில் வீடு இருப்பவனுக்கு, நாலு படி ஏறினாலே இளைப்பவனுக்கு, அது நடக்கிற காரியமாக இல்லை. போதாக்குறைக்கு, என் இதயத்தில் இடையிடையே முந்திக்கொண்டு ஒரு துடிப்பு வரும். வழக்கமான முறை பல துடிப்புகளிலிருந்து துண்டு துண்டாகத் தரவு எடுத்து ஒரே துடிப்பின் படமாகக் கோப்பது. எல்லாத் துடிப்பும் ஒன்றுபோல் இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. அது பொய்த்தால் படம் கலங்கிவிடும். எனக்கும் கலங்கியது.

கதிரியக்க மருத்துவர் வந்து பார்த்து, ரியல்-டைம் முறைக்கு மாற்றச் சொன்னார். அதில் ஒரு வெட்டை ஒன்றிரண்டு துடிப்புக்குள் எடுத்துவிடுகிறார்கள். நான் இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தேன். இவ்வளவு வேகம் எப்படி என்று பிறகு அவரிடமே கேட்டேன். எம்.ஆர்.ஐ. வரி வரியாகத்தான் தரவு எடுக்கும். அப்படி எடுக்க வேண்டிய வரிகளில் பெரும்பகுதியை எடுக்காமலே விட்டுவிட்டு, விடுபட்டவற்றைக் கணக்கிட்டு நிரப்புகிறார்கள். காயிலுக்குள் இருக்கும் பல சிறு காயில்கள் இதயத்தை வெவ்வேறு இடத்திலிருந்து பார்ப்பதால் அந்த வேறுபாட்டை வைத்து நிரப்பலாம் என்பது 1999-இல் வந்த சென்ஸ், 2002-இல் வந்த கிராப்பா ஆகிய முறைகளின் அடிப்படை. 2007-இல் மைக்கேல் லஸ்டிக் குழுவினர் எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுவந்த கம்ப்ரஸ்டு சென்சிங், படத்தைச் சுருக்கிச் சொல்ல முடியும் என்பதையே பயன்படுத்தி இன்னும் குறைந்த தரவிலிருந்து படத்தை மீட்கிறது.

காடோலினியம் ஏற்றிப் பத்து நிமிடம் கழித்துத் இதயத் தசையில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கும் படங்களையும் எடுத்து முடித்தார்கள். மூச்சுத் திணறலோ துடிப்புக் கோளாறோ இருப்பவர்கள் அதை மேசையில் படுக்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. முதலிலேயே முறையை மாற்றிக்கொள்வார்கள்.

அறிக்கையில் இ.எஃப். 43 என்று வந்தது. வேக முறையில் படம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். ஒரு நொடிக்குக் கிடைக்கும் சட்டங்களும் (ஃபிரேம்களும்) குறைவு. இதயம் மிகச் சுருங்கிய அந்தக் கணம் இரண்டு சட்டங்களுக்கிடையே நழுவினால், எஞ்சிய ரத்தம் அதிகமாகவும் இ.எஃப். குறைவாகவும் கணக்காகும். அப்படியானால் உண்மை அளவு 43-க்கு மேலே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது இதய மருத்துவரின் வாதம். அதை வைத்தே கருவிப் பேச்சை இப்போதைக்கு ஒத்திவைத்து மாத்திரையின் அளவை மட்டும் மாற்றினார். அடுத்த முறை எடுக்கும்போதும் இதே ரியல்-டைம் முறையில் எடுத்தால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும் என்று மருந்துச் சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.