அடைப்புக்குறிக்குள் இருந்த எண்: சேவையகச் செயன்முறைப் பரீட்சை அனுபவம்

கல்லடியில் ஒரு பயிற்சி நிலையத்தில் வலையமைப்புப் பாடநெறியைப் பயின்றேன். அதன் இறுதிச் செயன்முறைப் பரீட்சையில் முதல் தடவை நான் சித்தியடையவில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய கணினியொன்றில் மூன்று பிழைகளை முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள். 90 நிமிடங்களுக்குள் இணையத்தளத்தைத் திறக்கவைத்து, என்ன பிழை, ஏன் நேர்ந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இணையப் பக்கங்களை வழங்கும் சேவையக மென்பொருளான என்ஜின்எக்ஸ் தொடங்க மறுத்ததைக் கண்டதும் நான் அதை அழித்துவிட்டு மீண்டும் நிறுவினேன். அப்போதும் தொடங்கவில்லை. மறுபடியும் நிறுவினேன். 50 நிமிடங்கள் இப்படியே கரைந்தன.

வெளியே வந்தபோது போதனாசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கடைசி வரிய வாசிச்சியா மகன்?" வாசித்திருக்கவில்லை. தமிழ்மொழி மூலம் படித்து வந்த எங்களில் பலருக்குத் திரையில் ஆங்கிலம் மளமளவென்று ஓடினால் கண் தானாகவே விலகிவிடும். ஆனால் அந்த வரியின் அடைப்புக்குறிக்குள் 98 என்ற எண் இருந்திருக்கிறது. கேட்ட போர்ட்டை, அதாவது இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாசலை, வேறொரு நிரல் ஏற்கனவே பிடித்து வைத்திருக்கிறது என்பதே லினக்ஸில் அதன் பொருள். அங்கே அப்பாச்சி என்ற இன்னொரு சேவையக மென்பொருள் 80ஆம் போர்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தாமல் என்ஜின்எக்ஸை நூறு தடவை நிறுவியும் பயனில்லை.

இரண்டாவது தடவைக்கு நான் மனனம் செய்த பிழை எண்கள் நான்குதான்: 98, 13, 2, 111.

இவற்றில் 13தான் மாணவர்களை அதிகம் அலைக்கழிப்பது. உலாவியில் 403, அதாவது பார்க்க அனுமதியில்லை, என்று தெரியும். என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவில், அனுமதி மறுக்கப்பட்டதைக் குறிக்கும் 13 இருக்கும். உடனே கோப்புக்கு 777, அதாவது எவரும் எதையும் செய்யலாம் என்ற அனுமதி கொடுப்பது எங்கள் வகுப்பில் ஒரு வழக்கமாகவே இருந்தது. அது பாதுகாப்புக்குக் கேடு என்பதோடு, பெரும்பாலும் பலிப்பதுமில்லை. கோப்பைத் திறக்க அனுமதி இருந்தாலும், அதற்குப் போகும் பாதையிலுள்ள ஒவ்வொரு கோப்புறையையும் கடந்துசெல்லச் சேவையகத்தின் பயனருக்கு உரிமை வேண்டும். உபுண்டு 21.04 முதல், புதிய பயனரின் வீட்டுக் கோப்புறை, பிறர் நுழைய முடியாத 750 அனுமதியுடனேயே உருவாகிறது என்பதால், தளத்தை அதற்குள் வைத்தவர் கோப்பை எவ்வளவு திறந்துவிட்டாலும் 403 மாறாது. 'நேம்ஐ' என்ற கட்டளை பாதையின் அனுமதிகளைப் படிப்படியாகக் காட்டும். அடைபட்ட படி எது என்பது ஒரே பார்வையில் புலப்படும்.

உலாவியில் 502 வந்தால், என்ஜின்எக்ஸ் நலமாக இருக்கிறது, அதன் பின்னால் நிற்கும் நிரலிடமிருந்துதான் சரியான பதில் வரவில்லை என்று கொள்ளலாம். பதிவில், இணைப்பு மறுக்கப்பட்டதைக் குறிக்கும் 111 இருந்தால், பிஎச்பி என்ற நிரல்மொழியை இயக்கும் சேவை நின்றுவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2 இருந்தால், இரு நிரல்களும் பேசிக்கொள்ளும் சாக்கெட் கோப்பே குறிப்பிட்ட இடத்தில் இல்லை, அமைப்புக் கோப்பில் பிஎச்பி 7.4 என்று எழுதியிருக்க, கணினியில் 8.1 நிறுவியிருப்பது இதற்கு வழக்கமான காரணம்.

பதிவில் ஒரு வரிகூட விழாவிட்டால், கோரிக்கை சேவையகத்தை எட்டவேயில்லை என்று ஐயுற வேண்டும். வாசலில் நின்று கூப்பிட்டதும் "ஆள் இல்லை" என்று குரல் வருவது ஒன்று. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றுவது வேறொன்று. இணைப்பு உடனடியாக மறுக்கப்பட்டால், அந்தப் போர்ட்டில் எதுவும் காத்திருக்கவில்லை, அல்லது கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் காத்திருக்கிறது. பின்னதில் சேவையகத்திலேயே திறக்கும் பக்கம், பக்கத்து மேசைக் கணினியில் திறக்காது. பதிலே இல்லாமல் நேரம் கடந்தால், இணைப்புகளை வடிகட்டும் தீச்சுவரைப் பார்க்க வேண்டும், ஏனெனில் உபுண்டுவின் தீச்சுவர் தடுத்ததைச் சொல்லாமலே தடுக்கும்.

இரண்டாவது பரீட்சையில் முதலிரண்டு பிழைகளும் 25 நிமிடங்களில் தீர்ந்தன. மூன்றாவதற்கு எண்ணே இல்லை. அமைப்புக் கோப்பு வரிக்கு வரி சரியாக இருந்தும், என்ஜின்எக்ஸின் ஆரம்ப வரவேற்புப் பக்கமே வந்துகொண்டிருந்தது. என்ஜின்எக்ஸ் உண்மையில் வாசித்த அமைப்பு முழுவதையும் திரையில் கொட்டவைத்துத் தேடினேன்; எங்கள் கோப்பின் பெயரே அதில் இல்லை. கோப்பு எழுதப்பட்டிருந்தது, ஆனால் இயங்கும் தளங்களுக்கான கோப்புறையில் அதைச் சுட்டும் இணைப்புப் போடப்பட்டிருக்கவில்லை. இணைப்பைப் போட்டு, அமைப்பைச் சோதித்து, மீளேற்றம் செய்தபோது 70ஆவது நிமிடம்; மீதி இருபதும் காரணங்களை எழுதுவதற்கே சரியாக இருந்தது.