"குப்புறப் படுத்தா குறையுது, டாக்டர்"

அறுவை சிகிச்சைப் பயிற்சியில் அது எனக்கு இரண்டாம் வருடம். லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுத் திரையில் பார்த்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் கேமரா பிடிப்பதுதான் என் வேலை, அதிலும் பாதி நேரம் "லென்ஸ் மங்குது, துடை" என்று திட்டு வாங்குவதில் போய்விடும்.

அப்போது அட்மிட்டான கல்லூரிப் பெண் ஒருத்தி. நீண்ட காய்ச்சலில் விழுந்து நான்கு மாதத்தில் 12 கிலோ இளைத்திருந்தாள். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு உப்பும், கொஞ்ச நேரத்தில் பச்சையாகப் பித்த வாந்தி. எண்டோஸ்கோப்பியில் புண் ஒன்றும் இல்லை. உடனே ஒல்லியாக இருக்க வேண்டும் என்று இவளே வாந்தி எடுக்கிறாளோ என்கிற பேச்சு வந்துவிட்டது. கேஸ் ஷீட்டில் 'மனநல ஆலோசனை தேவை' என்று எழுதியது நான்தான். "முழங்காலை மடக்கிக் குப்புறப் படுத்தா வலி குறையுது, டாக்டர்" என்று அவள் தினமும் சொல்வாள், "சரிம்மா" என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவேன்.

அதைக் கேட்டு நின்றவர் எங்கள் சீஃப் மட்டும்தான். ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சிடி ஆஞ்சியோ எடுக்கச் சொன்னார்.

வயிற்றுக்குள் மகாதமனியிலிருந்து கிளம்பிச் சிறுகுடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினம் குறுக்கே போகிறது. வழக்கமாக அந்தக் கோணம் 38 முதல் 65 டிகிரி வரை இருக்கும், அதை விரித்து வைத்திருப்பது கொஞ்சம் கொழுப்பு. ஆள் சட்டென்று இளைத்தால் அதுவும் கரைந்துபோய், கத்தரிக்கோல் மூடுவது போல நடுவில் குடல் நசுங்கும். இவளுக்கு 15 டிகிரி. சாப்பிட முடியாமல் இளைக்க இளைக்க இன்னும் நெருக்கும். குப்புறப் படுத்தால் தமனி முன்னால் சரிந்து சந்து கொஞ்சம் திறக்கும், அதைத்தான் அவள் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். 1927-ல் வில்கி 75 நோயாளிகளை வைத்து விவரித்ததால் இதற்கு வில்கி நோய் என்றும் பெயர். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்!

எடை ஏறினாலே சிலருக்குச் சரியாகிவிடும், அதனால் முதலில் மூக்கு வழியாக, அடைப்பைத் தாண்டிக் குழாய் விட்டு ஊட்டினோம். ஆறு வாரமாகியும் வாந்தி நிற்கவில்லை.

அப்புறம்தான் ஆபரேஷன். தொப்புளில் ஒரு துளை, சுற்றி மூன்று. பெருங்குடலைத் தூக்கிப் பிடித்ததும், காற்று அதிகமான சைக்கிள் டியூப் மாதிரி புடைத்த டியோடினம் திரையில் வந்தது. தமனியைத் தொடவே இல்லை. அடைப்புக்குக் கீழே இருந்த குடல் வளையத்தை மேலே கொண்டுவந்து புடைப்போடு பக்கவாட்டில் சேர்த்து, ஸ்டேப்ளரால் இரண்டுக்கும் நடுவே வாசல் திறந்தார் சீஃப், அவ்வளவுதான், பைபாஸ் ரோடு. ஸ்டேப்ளர் நுழைந்த ஓட்டையைத் தைத்து மூடுவதுதான் இழுத்தது. என் கை லேசாக அசைந்தாலும் திரையில் ஊசி காணாமல் போய்விடும், அந்த இருபது நிமிடமும் நான் மூச்சைப் பிடித்துப் பிடித்துத்தான் விட்டேன்.

நான்காம் நாள் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தோம். கசிவில்லை. அடுத்த வாரம் ஒரு மதியம் வார்டுக்குள் போனபோது, காலியான கிண்ணம் பக்கத்தில் இருக்க, மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.